கார்புரேட்டர் ஒழுகுகிறதா? சொட்டு எங்கே தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள்

"கார்புரேட்டர் ஒழுகுது" என்று என்னிடம் வரும் சின்ன எஞ்சின்களில் பல, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் அந்தக் கார்புரேட்டரிலிருந்து ஒழுகுவதே இல்லை. பெட்ரோல் டேப்பின் அடியிலோ, டியூப் மாட்டிய முனையிலோ, டேங்கின் வெல்டிங்கிலோ கசிந்த பெட்ரோல் வழிந்து இறங்கி, ஆகத் தாழ்வான இடமான கார்புரேட்டர் கப்பின் (பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின்) அடிநட்டில் வந்து தொங்கும். அந்தச் சொட்டை நம்பி கார்புரேட்டரைக் கழற்றி, ரிப்பேர் கிட் மாட்டி, பூட்டிவைத்தால் மறுநாளும் அதே இடத்தில் அதே சொட்டு. ஆரம்பத்தில் ஒரே தண்ணீர் பம்பின் கார்புரேட்டரை இப்படி மூன்று முறை பிரித்திருக்கிறேன். குற்றவாளி டேப் லீவருக்குப் பின்னால் இருந்த ஒரு ரப்பர் வாஷர்.

ஜெனரேட்டர், பம்பு, புல்வெட்டி, பவர் டில்லர் போன்றவற்றில் இருக்கும் ஃப்ளோட் (மிதவை) வகை கார்புரேட்டரைத்தான் இங்கே பெரும்பாலும் பார்க்கிறோம். மரம் அறுக்கும் செயின் சா, தோளில் மாட்டும் புதர்வெட்டி போன்றவற்றில் இருப்பது டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) வகை. அதற்குத் தனிப் பகுதி பின்னால் இருக்கிறது.

கை வைக்கும் முன்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். டேப்பை மூடுங்கள், ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றித் தள்ளி வையுங்கள். வேலை திறந்தவெளியில்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போய், நீங்கள் நினைத்தே பார்க்காத தூரத்தில் இருக்கும் அடுப்பிலோ சுவிட்சிலோ பற்றிக்கொள்ளும். சுற்றியிருப்பது எவ்வளவு குளிரான நாளாக இருந்தாலும் இது மாறாது.

த்ராட்டில் பக்கம் இருக்கும் ஸ்பிரிங்குகளையும் கம்பிகளையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்துவிடுங்கள். எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் கையில் நாலைந்து ஓட்டைகள் இருக்கும். ஸ்பிரிங் எந்த ஓட்டையில் இருந்தது என்பது அரை மணி நேரத்தில் மறந்துபோகும்.

சொட்டு பிறக்கும் இடம்

டேங்கின் அடியிலிருந்து கார்புரேட்டர் கப் வரை துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு டியூப், டேப், கார்புரேட்டர் எல்லாவற்றின் மேலும் டால்கம் பவுடரை லேசாகத் தூவுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். டேப்பை மட்டும் திறந்து பத்து நிமிடம் காத்திருங்கள். ஈரம் பட்ட இடத்தில் பவுடர் நிறம் மாறிக் கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் முனை எங்கே இருக்கிறதோ அதுதான் இடம். பத்து நிமிடத்தில் எதுவும் தெரியவில்லையென்றால் ஒரு மணி நேரம் விடுங்கள். மெதுவாகக் கசிபவை அப்படித்தான் மாட்டும்.

டேப் அல்லது டியூப் பக்கம் ஈரம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டியூப்பை முனைக்குப் பக்கத்தில் வளைத்துப் பாருங்கள். வெளித்தோலில் வெடிப்பு தெரிந்தால் புதிது போடுங்கள். முனை மட்டும் தளர்ந்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, புது கிளிப்போடு மாட்டுங்கள். தண்ணீருக்கான பிளாஸ்டிக் டியூப் கண்ணாடிபோல அழகாக இருக்கும், ஆனால் பெட்ரோலில் சில வாரங்களிலேயே விறைத்துப்போய் முனையிலிருந்து நழுவும். பெட்ரோலுக்கென்று விற்கும் டியூப்தான் வேண்டும்.

டேப் லீவரைச் சுற்றிக் கசிந்தால் லீவரைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி, உள்ளே இருக்கும் நாலு ஓட்டை ரப்பரைப் பாருங்கள். தேய்ந்தோ சுருங்கியோ இருந்தால் மாற்றுங்கள். பல எஞ்சின்களில் டேப் கார்புரேட்டர் உடலிலேயே ஒட்டியிருக்கும், அதனால்தான் பழி கார்புரேட்டர் மேல் விழுகிறது. கசிவு டேங்கின் வெல்டிங்கில் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். காலி டேங்குக்குள் ஆவி நிறைந்திருக்கும். அதில் நெருப்பு வைக்கும் வேலை தெரிந்தவர் கையில்தான்.

டேப் திறந்ததுமே ஓவர்ஃப்ளோ குழாயிலோ ஏர் ஃபில்டர் வழியாகவோ கொட்டுகிறது

இதுதான் உண்மையான கார்புரேட்டர் கோளாறு, அதிகம் வருவதும் இதுதான். கப்பில் பெட்ரோல் ஏறும்போது ஃப்ளோட் மேலே மிதந்து, தன்மேல் உட்கார்ந்திருக்கும் ஊசியை சீட்டில் (பெட்ரோல் உள்ளே வரும் துளையின் வாயில்) அழுத்தி வழியை அடைக்க வேண்டும். அடைக்கவில்லை, அதனால் நிரம்பி வழிகிறது. ஏன் அடைக்கவில்லை என்பதைச் செலவில்லாத காரணத்திலிருந்து வரிசையாகப் பாருங்கள்.

*எஞ்சின் சாய்ந்து நிற்கிறதா?* மேடுபள்ளத்தில் வைத்த எஞ்சினில் ஃப்ளோட் ஒரு பக்கம் சாய்ந்து ஊசியை முழுதாக அழுத்தாது. சமதரைக்கு நகர்த்திவிட்டு மறுபடி பாருங்கள்.

*தட்டிப் பாருங்கள்.* ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் கப்பின் பக்கவாட்டில் மெதுவாக நாலு தட்டு. ஒழுகல் நின்றால் ஊசி சிக்கியிருந்தது, அல்லது சீட்டில் ஒரு துகள் உட்கார்ந்திருந்தது என்று பொருள். நின்றுவிட்டது என்று அப்படியே ஓட்டப் போகாதீர்கள். துகள் நகர்ந்திருக்கிறது, வெளியே போகவில்லை.

*கப்பை வடித்துப் பாருங்கள்.* அடியில் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து, ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பிடியுங்கள். டேப்பையும் பத்து விநாடி திறந்துவிடுங்கள். வேகமாக ஓடும் பெட்ரோல் சீட்டில் இருக்கும் அழுக்கை அடித்துக்கொண்டு வந்துவிடும். பல நேரம் வேலை இதோடு முடியும்.

ஆனால் பாத்திரத்தில் பிடித்ததைக் கீழே கொட்டிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு பாத்திரம் சொல்வதை எந்தக் கருவியும் சொல்லாது. அடியில் பழுப்பு நிறத் துகள்கள் படிந்தால் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. கறுப்புத் துணுக்குகள் என்றால் டியூப்பின் உள்தோல் உதிர்கிறது. முத்துமுத்தாக உருண்டு அடியில் தங்கினால் தண்ணீர். மஞ்சளாகி, வார்னிஷ் வாடை அடித்தால் பெட்ரோல் மாதக்கணக்கில் நின்று கெட்டுப்போயிருக்கிறது, ஊசியும் ஃப்ளோட்டின் ஊடுகம்பியும் பசைபிடித்து ஒட்டியிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பர் பாகங்களை உப்பவும் வைக்கும். எனவே நிறுத்திவைத்த எஞ்சினில் தண்ணீரும் கறுப்புத் துணுக்கும் சேர்ந்தே வருவதுண்டு.

டேங்கைக் கழுவாமல், அதன் வலைவடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் பளபளவென்று துலக்கினால் ஒரு வாரத்தில் அடுத்த துகள் வந்து உட்காரும். "போன வாரம்தானே கிளீன் பண்ணீங்க?" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லத் திணறியதெல்லாம் இந்த ஒரு சோம்பலால்தான்.

*கப்பைக் கழற்றுங்கள்.* வடித்தும் நிற்காவிட்டால் அடிபோல்ட்டைக் கழற்ற வேண்டும், பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனர் போதும். பல எஞ்சின்களில் கார்புரேட்டரை எஞ்சினிலிருந்து பிரிக்காமலே கப்பை மட்டும் இறக்கலாம். ஃப்ளோட்டைத் தாங்கும் மெல்லிய ஊடுகம்பியைப் பக்கவாட்டில் தள்ளினால் ஃப்ளோட்டும் ஊசியும் சேர்ந்து கையில் வரும். அடியில் ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், ஊசி அரிசி அளவுதான் இருக்கும்.

ஊசியின் ரப்பர் முனையில் நகத்தை ஓட்டுங்கள். கூம்பைச் சுற்றி வளையமாக ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் மாற்ற வேண்டியதுதான். துடைத்து மறுபடி போடுவது ஒரு நாள் தாங்கும். சில கார்புரேட்டர்களில் மாறாக ஊசி முழுக்க உலோகமாகவும் சீட் ரப்பராகவும் இருக்கும். அங்கே மாற்ற வேண்டியது சீட்டை. பழைய சீட் எந்த முகம் மேலே இருந்தது என்று பார்த்த பிறகே கொக்கியால் வெளியே எடுங்கள்.

பித்தளை சீட் என்றால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பச்சைக் களிம்போ பழுப்புப் படிவோ இருந்தால் பஞ்சுக் குச்சியில் துளி மெட்டல் பாலிஷ் தொட்டு, விரலால் உருட்டி உருட்டித் தேயுங்கள். பிறகு கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயால் பெட்ரோல் வரும் வழியாக அடித்துக் கழுவுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள், எதிர்பாராத ஓட்டையிலிருந்து கண்ணுக்கே திரும்பி வரும். உப்புத்தாளோ கம்பியோ சீட்டுக்குள் போகவே கூடாது. ஒரு கீறல் விழுந்தால் எந்தப் புது ஊசியாலும் அதை அடைக்க முடியாது.

*ஃப்ளோட்.* காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சளசளவென்றால் ஓட்டை விழுந்து பெட்ரோல் குடித்திருக்கிறது, அது இனி மிதக்காது. பித்தளை ஃப்ளோட்டில் சந்தேகம் இருந்தால் மேலே ஒட்டிய பெட்ரோல் ஆவியாகும் வரை காயவைத்து, வெந்நீரில் முழுக்குங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. ஈயம் வைத்து அடைக்கலாம் என்பார்கள். அடைக்கலாம்தான், ஆனால் ஈயத்தின் எடை கூடி மிதக்கும் அளவு மாறும். நான் மாற்றிவிடுவேன்.

*ஃப்ளோட் உயரம்.* கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட் தன் எடையில் ஊசியை அழுத்தி நிற்கும். பல மாடல்களில் அப்போது ஃப்ளோட் கப் உட்காரும் விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். சிலவற்றுக்கு எண்ணே உண்டு: ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினுக்கு 13.7 மி.மீ. உலோக நாக்கு இருந்தால் மயிரிழை அளவு வளைத்துச் சரிசெய்யலாம். பிளாஸ்டிக் ஃப்ளோட் வளையாது, அளவு தவறினால் ஃப்ளோட்டையும் ஊசியையும் சேர்த்து மாற்றுங்கள்.

*பூட்டும் முன் சோதனை.* தலைகீழாகப் பிடித்தபடி, பெட்ரோல் நுழையும் முனையில் ஒரு சிறு டியூப் மாட்டி, ஊசியில்லாத மருந்து சிரிஞ்சால் மெதுவாகக் காற்றைத் தள்ளுங்கள். அழுத்தம் தேங்கி சிரிஞ்சின் பிஸ்டன் பின்னால் வர வேண்டும். நேராகத் திருப்பினால் காற்று தாராளமாகப் போக வேண்டும். கம்ப்ரஸரை இங்கே காட்டாதீர்கள், அந்த அழுத்தத்துக்கு நல்ல ஊசியும் திறந்துவிடும்.

*எல்லாம் சரி, இன்னும் வழிகிறது.* பெட்ரோல் வரும் அழுத்தத்தைப் பாருங்கள். ஒரு அடி உயரத்தில் இருக்கும் டேங்க் தருவது சுமார் 0.3 பி.எஸ்.ஐ. மட்டுமே, ஊசி அதற்கென்று செய்யப்பட்டது. யாராவது இடையில் காரின் மின்பம்பை மாட்டியிருந்தாலோ, பெரிய டேங்கை உயரத்தில் தொங்கவிட்டிருந்தாலோ கார்புரேட்டர் மேல் குற்றமில்லை.

சீட் உடலோடு சேர்த்து அழுத்தப்பட்டதாக இருந்து அதில் கீறல் விழுந்திருந்தால், அல்லது ஊடுகம்பியைத் தாங்கும் கொம்பு உடைந்திருந்தால், மேற்கொண்டு நேரம் செலவழிக்க வேண்டாம். புது கார்புரேட்டர்தான்.

கப்பின் விளிம்பிலோ அடிநட்டிலோ சொட்டுகிறது, ஓவர்ஃப்ளோ குழாய் காய்ந்திருக்கிறது

அடைப்பு ரப்பர்களின் வேலை இது, உள்ளே எதையும் தொட வேண்டியதில்லை. முதலில் அடிபோல்ட்டையும் டிரெயின் ஸ்க்ரூவையும் ஒரு கால் சுற்று மட்டும் இறுக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் இன்னும் இறுக்க வேண்டாம். கார்புரேட்டர் உடல் மிருதுவான அலுமினிய, துத்தநாகக் கலவை, மரை போய்விட்டால் செலவு பல மடங்கு. அதிகம் இறுக்கியதால் அடிப்பகுதி உள்வாங்கி, விளிம்பு கோணிப்போன கப்களை நிறையப் பார்க்கலாம்.

போல்ட்டின் ஃபைபர் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். கப் கேஸ்கெட்டை (விளிம்பை அடைக்கும் ரப்பர் வளையத்தை) எடுத்துத் தட்டையாக வைத்தால் பழைய வட்டத்துக்குத் திரும்ப வேண்டும். உப்பிப் பள்ளத்தில் அடங்காமல் துருத்தினால் அதை வலிந்து திணிக்காதீர்கள். ஒரு நாள் வெளியே காயவைத்தால் சுருங்கும், அவசரத்துக்கு ஓடும், ஆனால் புதிது வாங்கிவிடுங்கள். சிலிகான் பேஸ்ட்டைத் தடவும் பழக்கம் வேண்டாம். பெட்ரோலில் அது உப்பிப் பிய்ந்து, நூல்நூலாக ஜெட்டுக்குள் (பெட்ரோல் போகும் நுண்துளைக்குள்) போய் அடைக்கும். அந்த நூல்களை ஜெட்டிலிருந்து எடுத்த கடுப்பில் எழுதுகிறேன்.

கப்பை ஒரு கண்ணாடிமேல் கவிழ்த்து வையுங்கள். ஆடினால் கோணல். தகட்டுக் கப்பில் அடியில் ஊசிமுனைத் துருவோட்டை இருக்கிறதா என்று உள்ளே டார்ச் அடித்து, வெளியிலிருந்து பாருங்கள். கப் தனியாகக் கிடைக்கும். சில புல்வெட்டிகளில் அடிபோல்ட் இருக்கும் இடத்தில் ஒயர் போகும் சோலினாய்டு (மின்சாரத்தில் பெட்ரோலைத் திறந்து மூடும் அடைப்பான்) இருக்கும். அதற்கும் ஒரு வாஷர் உண்டு, அதுவும் கசியும்.

ஆயில் அளவு ஏறியிருக்கிறது, டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை

எந்தக் கார்புரேட்டர் ஒழுகலுக்கும் ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கீழே வழியாத பெட்ரோல் உறிஞ்சு வால்வு வழியாக சிலிண்டருக்குள் போய், ரிங்குகளைத் தாண்டி ஆயிலோடு கலந்திருக்கும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. "டேங்க் தானாகக் காலியாகிறது" என்பார்கள்.

இந்த நிலையில் ஸ்டார்ட் கயிற்றை இழுக்காதீர்கள். ஐந்தரை குதிரைத்திறன் எஞ்சினில் மொத்த ஆயிலே சுமார் 0.6 லிட்டர்தான், அதில் ஒரு டம்ளர் பெட்ரோல் கலந்தாலும் ஆயிலின் வழவழப்பு போய்விடும். சிலிண்டரே நிரம்பியிருந்தால் கயிறு கல்போல நிற்கும். திரவத்தை அமுக்க முடியாது, பலம்கொண்டு இழுத்தால் கனெக்டிங் ராட் வளையும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை ஆஃபில் வைத்து, பிளக் ஒயரை ஓட்டையிலிருந்து விலக்கி எஞ்சின் உடலோடு தொடவைத்துக்கொள்ளுங்கள். ஓட்டைக்கு நேரே முகத்தைக் காட்டாமல் கயிற்றை மெதுவாக இழுத்தால் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும். பழைய ஆயிலை முழுக்க வடித்து, மூடிய கேனில் எடுத்துவையுங்கள், மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்ற வேண்டாம். ஊசி, சீட் கோளாறை மேலே சொன்னபடி சரிசெய்த பிறகே புது ஆயில். கால் மணி நேரம் ஓட்டி, டிப்ஸ்டிக்கை மறுபடி முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் இன்னொரு முறை மாற்றுங்கள்.

ஊசி நன்றாக இருந்தும் ஆயில் ஏறுகிறது, எஞ்சினில் வேக்குவம் பெட்ரோல் பம்பு இருக்கிறது என்றால் அதன் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். பம்புக்கும் கிரேங்க் கேஸுக்கும் நடுவே போகும் டியூப்பைக் கழற்றுங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் அதுதான்.

பெட்ரோல் கலந்த ஆயிலோடு ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள், இப்போது உள்ளிருந்து தட்டும் சத்தம் வருகிறது என்றால் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

நிற்கும்போது சொட்டில்லை, ஓடும்போது மட்டும் நனைகிறது

டேங்க் மூடியை ஒரு சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். ஒழுகல் நின்றால் மூடியின் காற்றோட்ட ஓட்டை அடைத்திருக்கிறது. எஞ்சின் சூட்டில் டேங்குக்குள் அழுத்தம் ஏறி ஊசியைத் தள்ளித் திறக்கிறது. மூடியைக் கழுவினால் போதும். அடுத்து, கார்புரேட்டரை எஞ்சினோடு பிடிக்கும் இரண்டு நட்டுகள். அவை தளர்ந்தால் அதிர்வில் ஃப்ளோட் குதித்துக்கொண்டே இருக்கும்.

ஏர் ஃபில்டர் மட்டும் நனைகிறதா? ஃபில்டரைக் கழற்றி, சோக் (காற்று வழியை மூடும் தகடு) முழுக்கத் திறக்கிறதா என்று பாருங்கள். சோக் சரி, ஆனால் கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் புகைபோலப் பின்னால் துப்புகிறது என்றால் இனி கார்புரேட்டரைத் தொடாதீர்கள். உறிஞ்சு வால்வு முழுதாக மூடவில்லை. வால்வு இடைவெளி குறைந்திருக்கலாம், அதன் அளவு எஞ்சினின் கையேட்டில் இருக்கும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்க்கத் தெரிந்தால் பாருங்கள், இல்லையென்றால் மெக்கானிக் வேலை.

சாய்த்த பிறகு மட்டும் ஒழுகியது

கோளாறே இல்லை. புல்வெட்டியை பிளேடு பார்க்கக் கவிழ்க்கும்போது கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேல்பக்கம் இருக்கும்படி சாய்க்க வேண்டும், டேப் மூடியிருக்க வேண்டும். நனைந்த ஃபில்டரைக் காயவைத்து மாட்டுங்கள். காகித ஃபில்டர் ஆயிலில் ஊறியிருந்தால் மாற்றுங்கள்.

செயின் சா, புதர்வெட்டி: டயாஃப்ரம் கார்புரேட்டர்

இதில் கப்பும் இல்லை, ஃப்ளோட்டும் இல்லை. வெயிலில் வைத்த பிறகு சொட்டினால் டேங்கின் ஆவி அழுத்தம்தான், நிழலில் வைத்து மூடியைத் திறந்து மூடுங்கள். பெட்ரோலை ஏற்ற விரலால் அமுக்கும் பிரைமர் குமிழில் விரிசல் இருந்தால் அதை மட்டும் மாற்றலாம். எப்போதும் ஒழுகினால் உள்ளே ஊசியில் அழுக்கு, அல்லது அதைத் தூக்கும் லீவர் அளவுக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. டயாஃப்ரத்தைத் தொட்டால் துணிபோலத் துவள வேண்டும், காகிதம்போல மொடமொடத்தால் கிட் வாங்குங்கள். பிரிக்கும்போது டயாஃப்ரமும் கேஸ்கெட்டும் எந்த வரிசையில் இருந்தன என்று படம் எடுங்கள், இரண்டு பக்கமும் வரிசை வேறு. மாற்றிப் போட்டால் ஒழுகல் கூடும், எஞ்சினும் ஓடாது. கிட் போட்டும் நிற்காவிட்டால் அழுத்தம் அளக்கும் கேஜ் உள்ளவரிடம் கொடுங்கள், இதற்கு மேல் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

புது கார்புரேட்டர் மாட்டியும் ஒழுகுகிறது

திட்டிக்கொண்டே வருவார்கள். முதலில் அந்தக் கண்ணாடிப் பாத்திரச் சோதனைதான். பழைய டேங்கின் துரு புது ஊசியையும் ஒரே நாளில் தடுத்துவிடும். டேங்கைக் கழற்றிக் கழுவி, டியூப்பை மாற்றி, நடுவே ஒரு ஃபில்டர் போடுங்கள். பிறகு கப்பை இறக்கிப் பாருங்கள். பெட்டியில் குலுங்கி வந்ததில் ஃப்ளோட்டின் ஊடுகம்பி நழுவியிருக்கும், அல்லது ஃப்ளோட் கப்பின் சுவரில் உரசிக்கொண்டிருக்கும். மலிவான மாற்று கார்புரேட்டர்களில் ஃப்ளோட் உயரம் தவறாகவே வருவதும் உண்டு, பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் தடித்த கறுப்பு இன்சுலேட்டரின் இரு பக்கமும் கேஸ்கெட் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஒழுகாது, ஆனால் எஞ்சின் ஏறி இறங்கி ஓடும், நீங்கள் மறுபடியும் கார்புரேட்டரைத்தான் சந்தேகிப்பீர்கள்.

எதைச் சரிசெய்தாலும் பூட்டிய பிறகு எல்லாவற்றையும் மறுபடி துடைத்து, அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து, டேப்பைத் திறந்து ஒரு மணி நேரம் திறந்தவெளியில் பக்கத்திலேயே இருங்கள். தாள் காய்ந்திருந்தால் மட்டும் பிளக் கேப்பை மாட்டுங்கள்.